கைக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

பாலாறு என்றவுடன் வேலூர்ப் பக்கத்து அன்பர்களுக்குத் தங்கள் ஊர் மணலாறே நினைவுக்கு வரும். நந்தி மலையில் பிறந்து, வேலூர் வழியாக ஓடி, வயலூர் அருகே கடலிற் கலக்கும் அந்த ஆறு வேறு. நாம் ஈண்டுக் குறிப்பிடுவது மாதேசுவர மலைக் காடுகளினூடே இறங்கி வந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பில் காவிரியோடு சேரும் சிறிய பாலாற்றை. அதன் பாலத்தருகே அதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. பாலத்துக்கு இப்புறம் கன்னட நாடு, அப்புறம் தமிழ்நாடு. 1956 நவம்பர் வரை அந்தக் கொள்ளேகாலச் சீமை முழுவதும் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டமாயிற்று. 1997 முதல் சாமராசநகர் மாவட்டம். நம்மில் பலர் பிழைப்புக்காக வீட்டை விட்டு மாநிலம் பெயர்ந்தோம். அவ்வூர்த் தமிழர்களோ வீட்டைவிட்டு நகராமலே மாநிலம் பெயர்ந்தவர்கள்.

அங்கே பாலத்தையடுத்துத் தேநீர்க் கடை வைத்திருக்கிறார் நம் சகலை. மாதேசுவர மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களே அவருக்கு வாடிக்கை. அவருடைய மகன் மூன்றாண்டுகளாக மைசூரில் நம் வீட்டில் தங்கிக் கணினிப் படிப்புப் படித்து வருகிறான். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக அமர்ந்தவர்கள். ஆகவே பையன் படிப்பில் நமக்குச் சொல்வதற்கு எதுவும் இராது என்றே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு அவன் இறுதித் தேர்வுக்காக ஒரு செயலி செய்ய வேண்டியிருந்தபோதுதான், டிக்கெட் சன்னலில் நாம் கற்றதும் ஒரு படிப்பே என்று தெரிந்தது.

கல்லூரி மாணவர்கள் தங்கள் 'கரித்தடத்தை'க் குறைத்துக்கொள்ள உதவும் கைபேசிச் செயலி ஒன்று செய்வதென்று அவன் தலைப்பு எடுத்திருந்தான். கரித்தடம் என்பது யாது? பெட்ரோல் எரித்தாலும், நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரத்தைச் செலவிட்டாலும், சமையல் வாயு கொளுத்தினாலும் கரியமிலவாயு வெளிப்படுகிறது. அது வானில் சேர்ந்து பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. ஒரு மனிதன் ஓராண்டில் தன் செயல்களால் எத்தனை கிலோ கரியமிலவாயுவுக்குக் காரணமாகிறான் என்னும் கணக்கே அவன் கரித்தடம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ. வீட்டுச் சமையல் வாயு உருளை ஒன்று, 14.2 கிலோ எடையுள்ளது, முழுதும் எரிந்தால் சுமார் 42 கிலோ. எரிபொருளைவிட அதன் புகை எடை மிகுந்திருப்பது எப்படி என்று இல்லத்தரசிகள் கேட்கக்கூடும். நம் மனையாளும் கேட்டாள். எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் உடன் சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது என்று பையன் விளக்கினான்.

மின்சாரத்தின் கதை இன்னும் சுவையானது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அது உள்ளூர்க் கதையுங்கூட. பாலாற்று நீரும் காவிரி நீரும் கலந்து நிற்கும் மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அணையடியில் நீர் விழுந்து மின்சாரம் பிறக்கிறது, அதில் புகையில்லை. அதே மேட்டூரில் நிலக்கரி எரிக்கும் அனல் மின்நிலையமும் இருக்கிறது. அதன் திறன் 1,440 மெகாவாட். ஒரே ஊரில் பிறந்த இரு மின்சாரமும் கம்பியில் ஏறிய பின் இது எது, அது எது என்று பிரித்தறிய முடியாது. எனவே நாடு முழுவதற்கும் ஒரு சராசரி போட்டிருக்கிறார்கள்: யூனிட் ஒன்றுக்குச் சுமார் 0.7 கிலோ. 1902இலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றதையும், அவ்வயலின் ஆழத்தில் நம் முன்னோர் பலர் உழைத்ததையும் அறிந்தவர்களுக்கு, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி புதிதன்று.

நிற்க. பையனின் செயலிக்கு வருவோம்.

முதல் வடிவத்தை அவன் நம்மிடம் காட்டியபோது அதில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. இவ்வாண்டு எத்தனை முறை விமானம் ஏறினீர்கள்? துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா? வீட்டின் பரப்பு எத்தனை சதுர அடி? குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க என்ன எரிக்கிறீர்கள்? எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்ட கணக்குத்தாளை அப்படியே எடுத்திருக்கிறான் என்பது விளங்கிற்று. வகுப்புத் தோழர்கள் முப்பது பேரிடம் கொடுத்துப் பார்த்தானாம். பெரும்பாலோர் ஏழாவது எட்டாவது கேள்வியிலேயே கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

"சித்தப்பா, யாருக்கும் அக்கறையில்லை" என்று சலித்துக்கொண்டான்.

அக்கறையில்லாமை அன்று, தம்பி, என்றோம். டிக்கெட் சன்னலில் வந்து நிற்பவரிடம் நாம் கேட்பது மூன்றே கேள்விகள். எங்கே, எத்தனை பேர், எந்த வகுப்பு. தூரம் எத்தனை கிலோமீட்டர், கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று நாம் பயணியைக் கேட்பதில்லை. அவையெல்லாம் கட்டண அட்டவணையில் இருக்கின்றன. பயணிக்கு மட்டுமே தெரிந்ததைப் பயணியிடம் கேட்க வேண்டும். நமக்குத் தெரியக்கூடியதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வரிசையில் நின்ற பின் பத்தாவது கேள்வி கேட்டால் எவரும் சினம் கொள்வர்.

பையன் இரண்டு நாள் யோசித்தான். பின்னர்க் கேள்விகள் ஐந்தாயின. எங்கே தங்கியிருக்கிறாய், கல்லூரிக்கு எதில் வருகிறாய், எவ்வளவு தூரம், ஊருக்கு எத்தனை முறை, எதில் போகிறாய், கைபேசி வாங்கி எத்தனை ஆண்டாயிற்று. மற்றவை அட்டவணையில் அடங்கிவிட்டன. இந்தியாவில் நிறைந்து ஓடும் பேருந்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போனால் சுமார் 15 கிராம்; தொலைதூர ரயிலில் 10 கிராமுக்கும் குறைவு; லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் தனியே போனால் 46 கிராம். கிலோமீட்டரை விகிதத்தால் பெருக்கினால் கணக்குத் தீர்ந்தது. இதற்கு ஏன் இவ்வளவு பெரிய படிப்பு என்று கேட்டோம், அவன் சிரித்தான். ரயிலே யாவற்றினும் குறைவு என்று கண்டபோது நமக்கு உள்ளூரப் பெருமைதான். மறைப்பானேன்?

கணக்குப் போட்ட விதத்தில் நமக்கு ஒரு குறை தோன்றியது. 133.417 கிலோ என்று மூன்று தசமத்தோடு விடை காட்டியது செயலி. வண்டி லிட்டருக்கு ஐம்பது ஓடியதா நாற்பத்தைந்து ஓடியதா என்பதே தெரியாதபோது கிராம் வரை சொல்வது பொய்க்கணக்கு. ரயில்வேயிலே பயணக் கட்டணத்தை ஐந்து ரூபாயின் மடங்காக முழுமையாக்கிவிடுகிறோம். பயணிக்கும் எளிது, நமக்கும் எளிது. 'ஏறத்தாழ 130 கிலோ' என்று சொல் என்றோம். ஏற்றுக்கொண்டான்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது சில உண்மைகள் வெளிப்பட்டன. நம் வாசகர் இல்லங்களிலும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்களாதலால் அவற்றைச் சற்று விரித்துரைப்பது தகும். 'மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்கிவையுங்கள், உலகைக் காப்பாற்றுங்கள்' என்று பள்ளிகளில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். கைபேசிக்கு ஓராண்டு முழுதும் நாள்தோறும் மின்னேற்றினாலே ஐந்தாறு யூனிட்டுக்குமேல் ஆகாது. அதாவது சுமார் 4 கிலோ. சும்மா மாட்டியிருக்கும் மின்னேற்றி தின்பது அதிற் சிறு துளி. ஆனால் புதிய கைபேசி ஒன்றைச் செய்து விற்று உபயோகித்து முடிப்பதற்குள் 50 முதல் 80 கிலோ வரை ஆகிறது. அதில் பெரும்பகுதி, அது கடைக்கு வருமுன்பே, செய்யும் தொழிற்சாலையிலேயே ஆகிவிடுகிறது. ஆகவே, இருக்கிற கைபேசியை இரண்டாண்டு கூடுதலாக வைத்துக்கொள்பவன், மின்னேற்றியை ஆயிரம் முறை பிடுங்குபவனைவிட அதிகம் செய்தவனாகிறான்.

விடுதி அறையில் சுழலும் பழைய மின்விசிறி 75 வாட். நாளுக்குப் பதினான்கு மணி ஓடினால் ஒரு யூனிட், 0.7 கிலோ. புதிய வகை விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. கல்லூரி நடக்கும் 240 நாளில் ஒரு விசிறிக்கு 100 கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் விசிறியை மாற்ற வேண்டியவன் மாணவனா, விடுதி நிர்வாகமா? இந்தக் கேள்வியை அப்போது நாம் கேட்டு வைத்தோம். பின்னர் அதுவே செயலியின் வடிவத்தை மாற்றியது.

பெங்களூரிலிருந்து தில்லிக்கு ஒரு முறை விமானத்தில் போனால் ஆளொன்றுக்கு 150 கிலோவுக்கு அருகில் ஆகும். நாள்தோறும் ஆறு கிலோமீட்டர் போய் ஆறு கிலோமீட்டர் திரும்பும் மாணவன் ஓராண்டு முழுவதும் மோட்டார் சைக்கிளில் எரிப்பது 58 லிட்டர், ஏறத்தாழ 130 கிலோ. ஒரு சுற்றுலா, ஓராண்டுப் படிப்பின் போக்குவரத்தை விழுங்கிவிடுகிறது.

அடுத்து வந்தது போட்டிப் பட்டியல். இளைஞர்களுக்குப் போட்டியில்லாமல் எதுவும் ருசிக்காது என்று பையனுடைய தோழர்கள் கூறினார்களாம். வாரந்தோறும் யார் மிகக் குறைந்த கரியமிலவாயுவுக்குக் காரணமானார்களோ அவர்கள் பெயர் முதலில் வரும். பெயரருகே பச்சை இலைக் கிரீடம் ஒன்று தோன்றும். முதல் வாரம் முதலிடம் பெற்றவன் யார் தெரியுமா? வகுப்பிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன். ஏழு நாளும் நடந்தே வந்ததாக எழுதியிருந்தான்! மாலையில் சன்னலை மூடும்போது, விற்ற டிக்கெட்டும் பெட்டியிலுள்ள பணமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் நம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத கணக்குக்குப் பரிசு கொடுத்தால் பொய்க்கே பரிசு கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தோம். அனுபவப்பட்ட பின்னரே பிள்ளைகள் நம்புகிறார்கள்.

இதில் மற்றொரு சூக்குமமும் உண்டு. 2007இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பையன் படித்துச் சொன்னான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் மார்க்கோஸ் என்னும் ஊரில், ஷுல்ட்ஸ் என்னும் உளவியலறிஞரும் அவர் துணைவரும், வீடுவீடாக, 'உங்கள் அக்கம்பக்கத்தாரின் சராசரி மின்செலவு இவ்வளவு, உங்களது இவ்வளவு' என்று சீட்டு மாட்டிப் பார்த்தார்கள். அதிகம் செலவிட்டவர்கள் குறைத்தார்கள். ஆனால் குறைவாகச் செலவிட்டு வந்தவர்களோ, நாம்தான் குறைவாயிருக்கிறோமே என்று கூட்டிவிட்டார்கள்! சிக்கனமாயிருந்தவர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்தபின்தான் அவர்கள் பழைய அளவிலேயே நின்றார்களாம். பின்னாளில் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இவ்விதச் சீட்டு அனுப்பிப் பார்த்ததில், மின்செலவு சராசரியாக நூற்றுக்கு இரண்டு குறைந்தது. இரண்டு என்பது பயனற்றதன்று. எனினும் அதையே உலகைக் காக்கும் மந்திரமென்று கூறுவதற்கில்லை.

இனி, நம் மனத்தைத் தைத்த செய்தியைச் சொல்லவேண்டும்.

பொங்கல் விடுமுறைக்குப் பையன் பாலாற்றுக்குப் போயிருந்தான். செயலியை எல்லோரிடமும் காட்டும் ஆர்வத்தில், தன் தாயின் விவரங்களையும் அதில் இட்டிருக்கிறான். எங்கும் போவதில்லை, வாகனமில்லை, ஒரு விசிறி, இரண்டு விளக்கு, பொத்தான் கைபேசி வாங்கி ஆறாண்டு. செயலி உடனே அம்மையாருக்குப் பெரிய பச்சைக் கிரீடம் சூட்டிப் பாராட்டியது. கடையில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மையார் மட்டும், "போறதுக்கு வண்டி இருந்தா நான் ஏன்டா போகாம இருக்கப்போறேன்? மூட்டுவலிக்குக் கொள்ளேகாலம் ஆசுபத்திரிக்குப் போகணும்னு நாலு மாசமாச் சொல்றேன்" என்றாராம்.

திரும்பி வந்த பையன் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. வசதியில்லாமையைச் சிக்கனமென்று பெயரிட்டு மெடல் குத்தும் கணக்கு என்ன கணக்கு? அவள் ஆசுபத்திரிக்குப் போனால் இரண்டு கிலோ கூடும், கூடத்தான் வேண்டும்.

அன்றிரவு நெடுநேரம் இதைப் பற்றியே பேசினோம். இந்தத் தனிமனிதக் கணக்கை உலகெங்கும் பரப்பியவர்களில் முன்னின்றது ஓர் எண்ணெய்க் கம்பெனி என்று பையன் தேடிக் கண்டுபிடித்திருந்தான். மனிதர் வாழ்வு பூமியின் மேல் பதிக்கும் தடம் என்னும் கருத்தைக் கனடாவில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் ஆகிய இரு அறிஞர்கள் 1990களில் வகுத்தார்கள். 2004இல் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியான பீ.பி., 'உங்கள் கரித்தடம் எவ்வளவு?' என்று கணக்கிட்டுக் காட்டும் ஏற்பாட்டைத் தன் விளம்பரங்களோடு சேர்த்து வெளியிட்டது. எண்ணெய் தோண்டுபவன், அதை வாங்குபவனைப் பார்த்து, 'நீ எவ்வளவு எரிக்கிறாய், கணக்குச் சொல்' என்கிறான். மளிகைக் கடைக்காரர் நம் கடன் நோட்டை நம்மிடமே கொடுத்து எழுதச் சொல்லிவிட்டுத் தம் கல்லாவைப் பூட்டிக்கொள்வதைப் போலிருக்கிறது இது.

கரியமிலவாயுவை நாடுவாரியாகப் பங்கிட்டால் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு 14 டன் அளவில் வருகிறது. உலகச் சராசரி ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தியருக்கு ஏறத்தாழ 2 டன். அந்த இரண்டிலும் தில்லி மாளிகைக்காரரும் பாலாற்று அம்மையாரும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். அதற்காக நம் பிள்ளைகள் எப்படியும் எரிக்கலாம் என்பது நம் கருத்தன்று. வெப்பம் ஏறினால் முதலில் வாடுவது கூரை வீட்டில் இருப்பவர்களே என்பதை நாம் அறிவோம். ஆனால் கணக்குக் கேட்பதிலும் முறை இருக்க வேண்டும் அன்றோ?

நம் மைய அரசும் 'லைஃப்' என்னும் இயக்கத்தை 2022 அக்டோபரில் குசராத்து மாநிலத்தில் தொடங்கி, தனிமனிதர் செய்யத்தக்க 75 செயல்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நல்ல பட்டியலே. ஆயினும் 'பேருந்தில் போங்கள்' என்று எழுதுவது எளிது. பேருந்து எப்போது வரும் என்று சொல்வதல்லவா உதவி?

இவ்விடத்தில் நம் மைசூர் நகரத்தைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். செயலி செய்யப் புறப்பட்டவன் தேடவேண்டிய முன்மாதிரி அவன் கண்ணெதிரிலேயே இருந்தது. 2012 நவம்பரில், கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் மைசூர் நகரப் பேருந்துகளில் இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பொருத்தி, அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தங்களிலே பலகையில் காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 'மித்ரா' என்று பெயர். 2017 ஜூனில் 'டிரிண் டிரிண்' வந்தது. சைக்கிள் மணியோசையையே பெயராகக் கொண்ட இத்திட்டத்தில், 48 நிலையங்களில் 450 சைக்கிள்களை நிறுத்திவைத்து, அங்கத்தினரானவர் ஒரு நிலையத்தில் எடுத்து மற்றொரு நிலையத்தில் விடலாம் என்று செய்தார்கள். இந்தியாவிலே பொதுமக்களுக்கான இவ்வகைச் சைக்கிள் திட்டங்களில் இதுவே முன்னோடி. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவி இரண்டுக்கும் கிடைத்தது. இவ்விரண்டிலும் எவரும் யாருக்கும் கரியமிலவாயுப் பாடம் நடத்தவில்லை. இதோ சைக்கிள், இதோ வண்டி வரும் நேரம் என்றார்கள், போகவேண்டியவர்கள் போனார்கள். தமிழ்நாட்டிலும் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்னும் செயலி வெளிவந்து, மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்க வழி செய்திருக்கிறது.

நம் ரயில்வேயிலும் கண்டதுதான். முன்பதிவில்லாத டிக்கெட்டைக் கைபேசியிலேயே எடுக்கும் செயலி 2014இல் மும்பையில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அறிவிப்புப் பலகைகளை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. பண்டிகைக் காலத்தில் வரிசை வாசலைத் தாண்டியபோது, நின்றுகொண்டிருந்த இளைஞர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அதைக் கற்றுக்கொண்டார்கள். தன் காரியம் முடிகிறதென்றால் மனிதன் எந்தக் கருவியையும் பழகிக்கொள்வான்.

ஆகவே பையன் செயலியைத் திருப்பிப் போட்டான். கிரீடம் போயிற்று, பட்டியல் போயிற்று. திறந்தவுடன் முதலில் தெரிவது, கல்லூரிக்குப் போகும் அடுத்த பேருந்தின் நேரம். அடுத்தபடியாக, ஒரே தெருவிலிருந்து ஒரே நேரத்துக்குப் புறப்படும் தோழர் யாரேனும் உண்டா என்பது. இருவர் ஒரே வண்டியில் போனால் செலவும் புகையும் பாதி. மூன்றாவதாக இம்மாதப் பெட்ரோல் செலவு, ரூபாயில். கிலோக் கணக்கு அதற்கும் கீழே, சிறிய எழுத்தில் இருக்கிறது. பேராசிரியர் ஒருவர், தலைப்பே கரித்தடமாயிருக்க அதை ஏன் அடியில் வைத்தாய் என்று கேட்டாராம். மாணவன் பார்ப்பது ரூபாயை, ஐயா. இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன என்று விடை சொல்லியிருக்கிறான். பழைய கைபேசியிலும் இச்செயலி ஓடவேண்டும் என்பது நாம் விதித்த நிபந்தனை. கரியைக் குறைக்கும் செயலிக்காகப் புதுக் கைபேசி வாங்குவது, உண்டியலைக் காக்கக் கடன் வாங்கிப் பூட்டுப் போடுவது போலாகும்.

கடைசிப் பக்கம் மாணவனுக்கு உரியதன்று, கல்லூரிக்கு உரியது. விடுதியில் எத்தனை பழைய விசிறி, வெந்நீருக்கு மின்சாரமா சூரிய வெப்பமா, சைக்கிள் நிறுத்த நிழலான இடம் உண்டா, கடைசிப் பேருந்து மாலை வகுப்பு முடியுமுன்பே போய்விடுகிறதா என்று மாணவர்கள் குறித்தால், செயலி அவற்றைக் கூட்டி முதல்வருக்கு ஒரு விண்ணப்பமாக எழுதித் தருகிறது. ஒரு கல்லூரியில் சைக்கிள் கொட்டகையை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருந்ததும் இவ்வகையில்தான் எழுத்துக்கு வந்தது. பெயர் வேண்டாம். விண்ணப்பம் மேசையில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பின் வீட்டுச் செய்தியை மறைப்பது நேர்மையாகாது. பையனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதென்று நம் சகலை முன்பே வாக்களித்திருந்தார். சீட்டுப் பணம் நாற்பதாயிரம் கையில் இருந்தது, மீதிக்குத் தவணை. கொள்ளேகாலத்துக் கடையில் முன்பணமும் கொடுத்தாயிற்று. பையனுக்கோ ஆசை. தோழர்கள் யாவரும் வண்டியில் வரும்போது தான் மட்டும் பேருந்தில் தொங்குவதா என்ற மனவருத்தம் அவனுக்கு இருந்ததை நாம் அறிவோம். அவ்வயதில் நமக்கும் இருந்தது. இதற்கிடையே அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, மைசூரில் செவிலியர் படிப்புப் படிக்க வேண்டுமென்கிறாள். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆகவே அவள் போக்குவரத்துக்குச் செலவில்லை. ஆனால் விடுதிக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும். கட்டுவதற்கு இருப்பது அதே நாற்பதாயிரம்.

ஒருநாள் இரவு பையன் தன் செயலியிலேயே, வாங்கப்போகும் வண்டியின் விவரத்தை இட்டுப் பார்த்திருக்கிறான். ஆண்டுக்கு 58 லிட்டர், லிட்டர் நூறு ரூபாயென்று வைத்தாலும் 5,800 ரூபாய், தவணை தனி. பேருந்தில் போனால் கரிக்கணக்கு 43 கிலோ, வண்டியில் 130. காலையில் காப்பி குடிக்கும்போது அதை நம் முன் நீட்டினான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சித்திதான், "காலையிலே எட்டேகால் வண்டி நிறுத்தத்திலே நிற்காமப் போகுதுன்னு நீயே சொன்னியே, அதுக்கு இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. அதற்குச் செயலியில் விடை இல்லை. ஏழேமுக்கால் வண்டிக்குப் போவதாகச் சொன்னான். அவன் காலையில் எழும் நேரத்தை அறிந்தவர்களாதலால் நாம் அதை முழுதும் நம்பவில்லை.

எனினும் அன்று மாலையே தகப்பனாருக்குத் தொலைபேசியில் பேசினான். தங்கைக்கு முதலில் கட்டுங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம் என்றான். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பின்பு சகலை நம்மைக் கேட்டார்: "தம்பி, நீங்க சொல்லிக் கொடுத்ததா?" இல்லை, அண்ணா, என்றோம், பாதி பொய்.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்குப் பையன் கைபேசியோடு வருவான். கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பத்தினர், சென்ற மாதப் பெட்ரோல் செலவையும், பிள்ளைகள் ஏறும் பேருந்தின் எண்ணையும், அது உள்ளபடி வரும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் அவனுக்கு உதவியாயிருக்கும். அட்டவணையில் உள்ள நேரத்தை அவன் ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கிறான். அவனுக்கு வேண்டியது வண்டி வரும் நேரம்.

கொள்ளேகாலத்துக் கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று கேட்க, சகலை இந்த வியாழக்கிழமை போகிறார். மூட்டுவலிக்குக் காட்டவேண்டுமென்று அம்மையாரும் உடன் போகிறார்.